காலுறையில் வந்த பனி

அந்தக் குரல் செய்தியைக் கேட்காமல் விட்டால் அது வராத மாதிரித்தானே என்று தவமலர் நினைத்தாள். உடுப்புக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நிலவறைப் படியில் இறங்கும்போதுதான் சட்டைப் பைக்குள் போன் துடித்தது. கனடாவில் இருக்கிற மங்கை மச்சாள், அவளுடைய புருசன் குலநாயகத்தின் மூத்த அக்கா. மச்சாள் காலையில் தவறாமல் ஒரு ரோஜாப்பூப் படம் அனுப்புவார், தவமலர் பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுவாள், அத்தோடு அன்றைய உறவு முடிந்தது. குரல் என்றால் கதை வேறு. பூ வராமல் குரல் வந்தால் ஒன்று சாவு, இல்லாவிட்டால் வரவு. அந்தக் குடும்பத்தில் சாகிற நிலையில் இப்போது ஒருவரும் இல்லை, எல்லாரும் குண்டுக்கல்லு மாதிரி இருக்கிறார்கள். அப்படியானால் வரவுதான். போன கிழமை குலநாயகம் பிளேன்ரீயை உறிஞ்சிக்கொண்டு, "அக்காவையள் லண்டனுக்கு வந்து நிக்கினமாம், ஆற்றையோ பிள்ளை பெரியபிள்ளையான சாமத்தியவீடாம்" என்று காற்றுக்குச் சொல்வது மாதிரிச் சொல்லி வைத்தார். அவர் காற்றுக்குச் சொல்லுகிறதெல்லாம் கடைசியில் குசினிக்குத்தான் வந்து சேரும் என்பது அவளுக்குத் தெரியும். லண்டனில் இருந்து இவர்கள் இருக்கிற லுசேர்னுக்குக் கொக்குப் பறக்கிற நேரம்தான். கேட்கக் கூடாது, மத்தியானம் வரைக்கும் கேட்கக் கூடாது, முதலில் போனில் மகள் வைத்துவிட்டுப் போன அந்தப் பொத்தானை அமத்திவிட்டுப் பிறகு ஆறுதலாகக் கேட்கலாம். அமத்தினால் போச்சு. அமத்தத்தான் வேண்டும். இதோ அமத்தப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே அவள் போனை எடுக்காமல் எல்லா வீட்டுக்கும் பொதுவான உடுப்புத் தோய்க்கும் அறையின் கதவைத் தோளால் தள்ளினாள்.

இயந்திரத்தின் வட்டக் கதவைத் திறந்து உள்ளே கையை விட்டுத் துழாவினாள். எதிர்பார்த்த மாதிரியே ரப்பர் விளிம்பில் சிவப்பும் மஞ்சளுமாகக் கடதாசிப் பொட்டுகள். மேல்மாடித் திருமதி, இந்த ஊர்ச் சொல்லில் பிராவ், ஸ்டைனர் தன்னுடைய முறைக்குப் பஸ்நாக்ட் உடுப்பைத் தோய்த்திருக்கிறாள். ஊர் முழுக்க முகமூடி போட்டுக்கொண்டு, குழலையும் மேளத்தையும் வேண்டுமென்றே அபசுரமாக அடித்துக்கொண்டு, நித்திரை கொள்ளாமல் தெருத்தெருவாகத் திரிகிற திருவிழா அது. நம்முடைய சிவராத்திரியும் அனேகமாக இதை ஒட்டித்தான் வரும். ரெண்டு சனமும் நித்திரை முழிக்கிறதுக்கு ஒரே அமாவாசையைப் பிடிச்சு வைச்சிருக்குது என்று குலநாயகம் விருந்தாளிகளுக்குச் சொல்லிச் சிரிக்க வைப்பார். அந்தக் கிழமை பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை, ஆகவே அவள் கூட்டித் துடைக்கிற பாலர் பள்ளிக்கும் விடுமுறை, ஆகவே குளிர்காலத்தில் அவளுக்கென்று வாய்க்கிற லீவும் அது ஒன்றுதான். பொட்டுகளை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, கூடையில் இருந்த பெட்சீற்றுகளை உள்ளே அடைத்தாள். நீலக்கரை போட்ட வெள்ளைப் பெட்சீற்றுகள், அதே கரையில் தலையணை உறைகள். அலுமாரிக்குள் கிடந்து கிடந்து ஒரு மக்கல் மணம் பிடித்துவிட்டது, அதற்காகத்தான் தோய்க்கிறாள், வேறு ஒன்றும் இல்லை. இயந்திரம் தண்ணீரை இழுக்கத் தொடங்கியது. நிலத்தோடு நிலமாக இருந்த சின்ன யன்னலுக்குக் கீழே போய் நின்றாள். இந்த அறையில் போனுக்கு உயிர் இருப்பது அந்த இடத்தில் மட்டும்தான்.

போனைத் திறந்தால் சாம்பவி வைத்துவிட்டுப் போன பக்கம் அப்படியே நிற்கிறது. சூரிச்சில் வங்கியில் வேலை செய்கிற மகள், நேற்று ஞாயிற்றுக்கிழமை வந்து சாப்பாட்டு மேசையில் இருந்து எல்லாவற்றையும் நிரப்பினாள். மலைக்கிராமத்தில் ஒரு சின்ன ஹொட்டேல், இரண்டு இரவு, இரண்டு பேர், யன்னலைத் திறந்தால் பனிச்சிகரம். "காசு என்ர பாங்க் கார்ட்டில போகுமம்மா. கடைசிப் பொத்தானை மட்டும் நீங்கள் அமத்துங்கோ. நாளைக்கு மத்தியானம் வரைக்கும்தான் அறையைப் பிடிச்சு வைப்பினமாம், பஸ்நாக்ட் நேரம் இனி வேற இடம் கிடையாது" என்றாள். "நீயே அமத்தன் பிள்ளை" என்று தவமலர் சொன்னாள். "மாட்டன். நான் அமத்தினா, பேந்து ஆரும் வந்தவுடன பிள்ளை அவசரப்பட்டுச் செய்துபோட்டாள் எண்டு என்ர தலையில போட்டு நிப்பாட்டிப்போடுவீங்கள். நீங்கள் அமத்தினாத்தான் நீங்கள் போவீங்கள்." இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கு எல்லாம் கணக்கு மாதிரித்தான். அதுவும் சரியான கணக்கு, அதுதான் எரிச்சலாக இருக்கிறது. பச்சை நிறத்தில் ஒரு பொத்தான், புளியங்கொட்டையை விடக் கொஞ்சம் பெரிது. அதற்கு மேலே, திரையின் தலையில், மச்சாளுடைய செய்தி வந்திருப்பதற்கான அடையாளம். ஒரே விரல்தான், மேலே போனால் மச்சாள், கீழே போனால் மலை.

வந்து முப்பது வருசம். குசினி யன்னலால் பார்த்தால், பனிப்புகார் இல்லாத நாளில், பிலாத்துஸ் மலை பக்கத்து வளவு மாதிரித் தெரியும். ஆனால் தவமலர் எந்த மலைக்கும் ஒரு நாளும் போனதில்லை. சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள், ஆகவே அவள் சொன்னதும் இல்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர் பாக்கியில்லாமல் போனார்கள். ரொறன்ரோ, லண்டன், பாரிஸ், சிட்னி, யாழ்ப்பாணம், எங்கிருந்து வந்தாலும் இரண்டாம் நாள் காலை மலைதான். கனடாவில் இல்லாத பனியா என்று ஒருமுறை கேட்டதற்கு, அது றோட்டில கிடக்கிற சினோ, இது மலையில கிடக்கிற சினோ என்று பதில் வந்தது. குலநாயகம் கார் ஓட்டுவார். மற்ற நாலு இடமும் விருந்தாளிகளுக்கு. இரண்டு பேர் மட்டும் வந்தால்? அப்போது லுசேர்னில் அவர்களுக்குச் சொந்தக்காரர் இரண்டு பேர் எப்படியோ முளைத்துவிடுவார்கள். அதோடு எல்லாரும் போனால் சமைக்கிறது யார்? பின்னேரம் விறைத்துப்போய், பசியில் வாடி வருகிற சனத்துக்கு இடியப்பமும் சொதியும் நண்டுக் குழம்பும் கொதிக்கக் கொதிக்க வைத்தால், "தவத்தின்ர கையால சாப்பிட்டாத்தான் குளிர் போகும்" என்று மங்கை மச்சாள் வாயாரச் சொல்லுவார். பொய் சொல்லக் கூடாது, அது அவளுக்குப் பிடித்தும் இருந்தது. அந்தப் புகழுக்குள்ளே வருசங்கள் கரைந்ததை அவள் கவனிக்கவில்லை. அவர்கள் சாப்பிட்டுவிட்டுச் சரிந்த பிறகு, நனைந்த காலுறைகளையும் கையுறைகளையும் பொறுக்கி, பிழிந்து, சூடேற்றியின் மேல் வரிசையாகப் போடுவாள். பிழிகிறபோது விரலுக்குள் ஒரு குளிர் போகும், குழாய்த் தண்ணீரின் குளிர் இல்லை அது. மலை அவளுடைய வீட்டுக்குள் வந்தது அப்படித்தான், மற்றவர்களுடைய காலுறைக்குள்ளே. லண்டன் மருமகள் ஒருத்தி, "மாமிக்கு" என்று தண்ணிப் போத்தலுக்குள் பனியை அடைத்துக்கொண்டு வந்தாள், வீட்டுக்கு வரும்போது அது வெறும் தண்ணீர். கொட்ட மனம் வராமல் கறிவேப்பிலைச் சாடிக்கு ஊற்றினாள், அந்தச் செடி இன்னும் நிற்கிறது.

அவளுக்குப் பனி முக்கியமில்லை. இந்த ஊரிலும் கொட்டுகிறது, பாலர் பள்ளி வாசலில் அதைச் சவளால் அள்ளியே முதுகு போனது. ஒவ்வொருவரும் திரும்பி வந்து சொல்லுகிற ஒரு விசயம் இருக்கிறது, அதுதான் அவளை விடமாட்டேன் என்கிறது. மேல ஏறினா வெயில் மாமி! கீழ முழுக்க முகில், கடல் மாதிரி, அதுக்கு மேல நாங்கள் நிக்கிறம்! அந்த நேரம் அவள் இங்கே குசினியில் விளக்கைப் போட்டுக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்திருப்பாள், யன்னலுக்கு வெளியே சாம்பல் நிறத்தில் ஒன்றும் தெரியாமல். அவர்கள் மேலே நின்று பார்த்த அந்த முகிலுக்குள்தான் அவள் இருந்திருக்கிறாள். முப்பது மாரிகாலம் அதற்குக் கீழேயே இருந்துவிட்டாள். ஒரே ஒருமுறை அதை மேலே இருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான், இது ஒரு பெரிய ஆசையா? டொக்டரிடம் கேட்டபோது அவர் நெஞ்சில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார். "இந்த வருசம் போகலாம், உயரத்தில் மெதுவாக நடக்க வேண்டும்" என்றார். "அடுத்த வருசம்?" என்று கேட்டாள். "அடுத்த வருசத்தைப் பற்றி அடுத்த வருசம் கதைப்போம்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. போகலாமாம் என்று மட்டும்தான் சாம்பவிக்குச் சொன்னாள். சொல்லியிருந்தால் மகளே அமத்தியிருப்பாள். சொல்லியிருந்தால் குலநாயகம் காரை எடுத்து வாசலில் விட்டிருப்பார். ஆனால் நெஞ்சைக் காட்டி இரக்கம் வாங்கி மலைக்குப் போவதா? சும்மா போக வேண்டும், மற்றவர்கள் எல்லாரும் போன மாதிரி, ஒரு காரணமும் இல்லாமல்.

இன்று காலை ஒருவரும் பார்க்காத நேரம் வீட்டு நடை ஓடையின் பெரிய அலுமாரியைத் திறந்தாள். அதற்குள் இருப்பதெல்லாம் விருந்தாளிகள் விட்டுப்போன குளிர்ச் சட்டைகள். ஊரில் இது என்னத்துக்கு, வாற ஆக்களுக்குக் குடுங்கோ என்று விட்டுப் போவார்கள், அவளும் தோய்த்து மடித்து அடுத்து வருகிறவர்களுக்குக் கொடுப்பாள். ஆரைப் பார்த்தாலும் அளவு சொல்லிவிடுவாள். சின்ன மாமாவுக்குச் சாம்பல் நிறம், வயிறு வைத்தவர்களுக்குக் கறுப்பு. தன்னுடைய அளவு மட்டும் தெரியாமல் சிவப்பில் ஒன்றை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். கை கொஞ்சம் நீளம். பைக்குள் யாரோ தின்று மிச்சம் விட்ட ரொபி ஒன்று கடதாசியோடு ஒட்டிக் கிடந்தது. கண்ணாடியில் நின்ற பொம்பிளையைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. அப்படியே அள்ளித் திரும்ப உள்ளே வைத்துவிட்டு, அதே அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்துதான் இந்தப் பெட்சீற்றுகளை இழுத்து எடுத்துக்கொண்டு கீழே வந்தாள்.

போனால்தான் என்ன செய்வது என்பது வேறு பயம். அந்தக் கேபிள் கார். கண்ணாடிப் பெட்டி ஒன்று கயிற்றில் தொங்கிக்கொண்டு போகுமாம், கீழே காடு தெரியுமாம், தூண்களைக் கடக்கும்போது வயிற்றுக்குள் ஒருதரம் குலுக்குமாம். கீழ பாக்காதை, அங்கால பார் என்று குலநாயகம் எல்லாருக்கும் சொல்லுகிறாராம். அவளுக்கும் சொல்லுவாரா, இல்லை பொஞ்சாதிதானே என்று விட்டுவிடுவாரா? சாப்பாடு? காலையில் பாணும் சீஸும் வைப்பார்கள், அவருக்குச் சீஸ் வயிற்றைப் பிரட்டும். சின்ன ரைஸ்குக்கரை உடுப்புகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டு போகலாம், ஜெனீவாவில் ஒருத்தி ஹொட்டேல் அறையில் செத்தல் மிளகாய் வதக்கப் போய் தீயணைக்கிற வண்டி வந்து நின்றதும் ஞாபகம் வருகிறது. இது எல்லாம் சின்னப் பயம். பெரிய பயம் அந்த அறைதான். இரண்டு பேரும் ஒரு அறையில், இரண்டு இரவு, சமைக்காமல், ஒருவரும் வராமல். எப்ப வருகினம், எப்ப போகினம், என்ன சமைக்கிறது, ஆரைக் கூப்பிடப் போறது, இதுதான் இவ்வளவு காலமும் கதைத்த கதை. அதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? விளக்கை அணைத்த பிறகு அவர் என்ன சொல்லுவார்? ஒருவேளை அந்தச் சிவராத்திரிப் பகிடியைச் சொல்லுவாரோ. அந்தப் பகிடியை அவள் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாள், எல்லாம் குசினிக்குள் நின்றுதான், மற்றவர்களுக்குச் சொன்னதை. தன் முகத்தைப் பார்த்து அவர் ஒருதரம் சொல்ல வேண்டும். புதிதாகக் கேட்கிற மாதிரிச் சிரிக்க வேண்டும். இந்த நினைப்பில் அவளுடைய பெருவிரல் தானாகவே பச்சைப் பொத்தானுக்கு மேலே வந்து நின்றது, அப்போது பின்னால் கதவு திறந்தது.

பிராவ் ஸ்டைனர், கையில் ஒரு பெரிய கோழித்தலை முகமூடியோடு. கிழவி எழுபதைத் தாண்டிவிட்டாள், இன்னும் கோஷ்டியில் மேளம் அடிக்கிறாள், இந்த வருசம் அவர்கள் எல்லாரும் கோழிகள். முகமூடியில் பூசிய வர்ணம் காயவில்லையாம், சூடு இருக்கிற இடம் இதுதானாம். அதைக் கொடிக்குக் கீழே மேசையில் வைத்துவிட்டு, "இயந்திரத்துக்குள் என் செட்டைகள் ஏதும் கிடந்ததா, பிராவ் குலா?" என்று கேட்டாள். குலநாயகம் முழுதாக அவளுடைய வாய்க்குள் அடங்காது. "கடதாசிப் பொட்டுகள் மட்டும்தான்" என்று தவமலர் தன்னுடைய ஜெர்மனில் சொன்னாள். "பஸ்நாக்டுக்கு நிற்பீர்களா, மலைக்கு ஓடுவீர்களா? சத்தத்துக்குப் பயந்து பாதி ஊர் மலைக்கு ஓடுகிறது." "மலைக்கு. யோசித்துக்கொண்டிருக்கிறோம்." கிழவி சிரித்தாள். "உங்களுக்கென்ன, மலை சொந்த வீடு மாதிரி. உங்கள் கணவர் காரில் ஆட்களை ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். எத்தனை தடவை போயிருப்பீர்கள்!" "நிறையத் தடவை" என்று தவமலர் சொன்னாள். நாக்கு அப்படித்தான் புரண்டது. கிழவி விடவில்லை, தன் தங்கை வருகிறாளாம், எந்த நேரம் ஏறினால் நல்லது? தவமலர் சொல்லத் தொடங்கினாள். காலையில் முதல் பெட்டியில் ஏற வேண்டும், இடது பக்கம் நிற்க வேண்டும், இரண்டாவது தூணைக் கடந்ததும் முகில் திடீரென்று கிழிந்து வெயில் முகத்தில் அடிக்கும், கண்ணைக் கூசும், கறுப்புக் கண்ணாடியை மறக்கக் கூடாது, காலுறை இரண்டு சோடி போட வேண்டும். சொல்லச் சொல்ல அவளுக்கே கண் கூசியது. "எவ்வளவு அழகாகச் சொல்கிறீர்கள்" என்று பிராவ் ஸ்டைனர் அவளுடைய கையைப் பிடித்துவிட்டுப் போனாள்.

கிழவியின் காலடிச் சத்தம் ஓய முன்னமே மேலே படியில் குலநாயகத்தின் குரல். முழங்கால் வலியால் அவர் கீழே இறங்குவதில்லை, நின்ற இடத்தில் இருந்து கூப்பிடுவார். "தவம்! அக்கா உனக்கு ஏதோ மெசேஜ் போட்டவவாம். நீ இன்னும் கேக்கேல்லை எண்டு எனக்குப் போன் எடுத்தவ." "என்னவாம்?" "எனக்குச் சொல்லேல்லை. உன்னோடதான் கதைக்கவேணுமாம்." "இஞ்சேருங்கோ, நாங்கள் மலைக்குப் போறதை அவவுக்குச் சொன்னனீங்களோ?" "சும்மா ஒரு கதைக்குச் சொன்னனான். அதுக்கென்னப்பா? நீ என்ன சொன்னாலும் எனக்குச் சரி. உன்ர விருப்பம்." கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. உன்ர விருப்பம். கலியாணம் முடித்த நாளில் இருந்து அந்தச் சொல்லைக் கேட்கிறாள். நல்ல மனுசன், கையை நீட்டியதில்லை, குரலை உயர்த்தியதில்லை, எல்லாவற்றையும் அவளுடைய விருப்பத்துக்கு விட்டுவிட்டு மேலே போய்விடுவார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள், இங்கே சாமி, பூசாரி இரண்டு பேரும் கொடுத்துவிட்டு நிற்கிறார்கள், வாங்குகிறவளுக்குத்தான் கை வரவில்லை.

இதற்கெல்லாம் ஒரு சாப்பாட்டுக் கதை இருக்கிறது. கலியாணம் முடித்த புதிதில் அவளும் குலநாயகமும் மங்கை மச்சாளும் சாவகச்சேரியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக்குப் போனார்கள். நல்ல மத்தியானம், பஸ்சில் நின்றுகொண்டே வந்த பசி. "சாப்பிட்டியளோ?" என்று வீட்டுக்காரி கேட்டாள். "ஓமோம், இப்பதான் சாப்பிட்டிட்டு வாறம்" என்றார் குலநாயகம், சொல்ல வேண்டிய முறைப்படி. "அப்ப சரி, தேத்தண்ணி குடியுங்கோ" என்றாள் அந்த மனுசி. அவ்வளவுதான். குசினியில் இருந்து மீன் குழம்பு மணந்துகொண்டே இருந்தது, இவர்கள் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வயிறு காந்தத் திரும்பி வந்தார்கள். அன்றோடு அந்த வீட்டுப் பாதை அடைபட்டது. "ஒருக்காக் கேட்டுப்போட்டு விட்டவை" என்று மங்கை மச்சாள் இன்று வரைக்கும் சபைகளில் சொல்லுவார், கொலைக் குற்றம் சொல்வது மாதிரி. முதல் வேண்டாம் மரியாதைக்கு, இரண்டாம் வேண்டாம் கூச்சத்துக்கு, மூன்றாவதாகச் சொன்னால்தான் வயிற்றில் இடமில்லை என்று அர்த்தம். இது தெரியாதவர்கள் வீட்டுக்கு ஆர் போவார்கள்? தவமலரின் வீட்டில் ஒருவரையும் ஒருக்காக் கேட்டு விட்டதில்லை. கேபிள் காரே ஏறாத மனுசிக்கு உலகம் முழுக்க நல்ல பெயர் இருக்கிறதென்றால் அதற்குக் காரணம் இதுதான். இயந்திரம் தண்ணீரைக் கக்கிவிட்டுச் சுழலத் தொடங்கியது, அறை முழுக்க அதிர்ந்தது. கேட்காமல் அமத்தினால் கேட்காத குற்றம் இருக்கும், கேட்டுவிட்டு அமத்தினால் மனம் துணிந்து செய்ததாக இருக்கும். கேட்டே விடுவோம் என்று அவள் போனைக் காதோடு வைத்தாள்.

"தவம், நான் மங்கை மச்சாள் கதைக்கிறன். லண்டனில நிக்கிறம், நானும் அத்தானும் மகளும் மருமகனும். உங்கட பக்கம் வருவம் எண்டுதான் யோசிச்சனாங்கள். தம்பி சொன்னவன், நீயும் அவனும் மலைக்குப் போகப்போறியளாம் எண்டு. நல்ல சந்தோசம் எனக்கு. எத்தினை வருசமா எங்களுக்குச் சமைச்சுச் சமைச்சுக் களைச்சுப்போனாய். நாங்கள் இந்தமுறை பாரிஸுக்குப் போறம், பெறாமகன் வீட்டை. உங்களுக்கு ஏன் கரைச்சல்? நீங்கள் போட்டு வாங்கோ. பிள்ளையளுக்குத்தான் அந்த மலையைப் பாக்கேல்லை எண்டு ஒரு சின்னக் கவலை. அது பரவாயில்லை. ஒண்டும் நினையாதை, என்ன."

அவள் போனை இறக்கினாள். நெஞ்சு அடித்தது, ஆனால் நல்ல மாதிரியான அடிப்பு. வரவில்லை! மச்சாள் தானாகவே வரவில்லை என்கிறார்! எத்தனை வருசமாகச் சமைத்தாய் என்று சொல்லியும் விட்டார். அழுகை வந்தது, துடைத்துக்கொண்டாள். பிறகு, துடைத்த கை கன்னத்தை விட்டு இறங்க முன்னமே, அது பரவாயில்லை என்ற சொல் திரும்பி வந்தது. ஏன் பரவாயில்லை என்றார்? பரவாயில்லை என்றால் பரவாயில்லையா? ஒரு சின்னக் கவலை என்பது ஏன்? விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்ற பழமொழியை மங்கை மச்சாள் கேள்விப்பட்டதே இல்லை, அப்படிப்பட்டவர் வரவில்லை என்று சொல்லுகிறார் என்றால் இது முதலாவது வேண்டாம்தானே? மரியாதைக்குச் சொல்லுகிற வேண்டாம். இதை நம்பிக்கொண்டு சரி மச்சாள் என்று விட்டால், அது ஒருக்காக் கேட்டதும் இல்லை, கேட்காமலே விட்டது. நாளைக்கு ரொறன்ரோவில் ஒரு சபையில், தவம் ஒரு வார்த்தை வா எண்டு கேக்கேல்லை என்று... சீ. இல்லை. மச்சாள் மனதாரத்தான் சொல்லுகிறார், குரலில் தெரிகிறது. ஒரு நல்ல வசனமாகச் சொல்லுவோம். சந்தோசம் மச்சாள், பாரிஸுக்குப் போட்டு வாங்கோ, அடுத்தமுறை கட்டாயம் வரவேணும். இதைத்தான் சொல்ல வேண்டும். வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தாள், நன்றாகத்தான் இருந்தது. குரல் பதிகிற அடையாளத்தின் மேல் விரலை வைத்து அமத்தினாள்.

"என்ன மச்சாள் இது, இப்பிடிச் சொல்லுறியள்?" அவளுடைய குரல்தான், ஆனால் அவள் சொல்ல நினைத்தது இல்லை. "எங்கட வீடு இருக்க நீங்கள் பாரிஸுக்குப் போறதோ? ஆரும் கேட்டாச் சிரிக்கமாட்டினமோ? எங்களுக்கு என்ன கரைச்சல்? மலை எங்கையும் ஓடிப்போகாது, நாங்கள் இஞ்சதானே இருக்கிறம், எப்பவும் போகலாம். நீங்கள் வராட்டி நான் கோவிப்பன். பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ, கட்டாயம் வாங்கோ." விரல் இன்னும் அமத்தினபடியே இருந்தது. எடுத்தால் போய்விடும், இடப் பக்கம் இழுத்தால் அழிந்துவிடும். சாம்பவி காட்டித் தந்திருக்கிறாள். இழு என்று அவள் விரலுக்குச் சொன்னாள். இழு, இழு. விரல் எழும்பியது. செய்தி போயே விட்டது, மச்சாள் போனைக் கையிலேயே வைத்திருந்திருக்க வேண்டும், கேட்டதைக் காட்டுகிற இரண்டு கோடுகளும் உடனே நீலமாகின.

பதிலும் உடனே வந்தது, அதுவும் குரல்தான், மச்சாள் கதைக்க முன்னமே பதியத் தொடங்கிவிட்டது. முதலில் மச்சாள் இல்லை, பின்னால் யாரோ, மகளாகத்தான் இருக்க வேண்டும், பதறின குரல். "அம்மா, பாரிஸுக்கு நாலு பேருக்கும் ரிக்கெற் எடுத்தாச்செல்லோ! நான் அந்தக் கோபுரம் பாக்கவேணும் எண்டுதானே..." "சத்தம் போடாதை, அவள் இவ்வளவு சொல்லேக்க நான் என்னெண்டு மறுக்கிறது? பேந்து மனஸ்தாபம் ஒண்டு கிடக்கும்" என்று அடக்கின மச்சாளின் குரல். அதன்பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பெலத்து, "ஐயோ தவம், உன்ர மனம் ஆருக்கு வரும்? சரி, வாறம் என்ன. உன்ர நண்டுக் குழம்புக்காகவே வாறம்." மூன்றாவது வேண்டாம் வரைக்கும் போகத் தேவையில்லாமல் இருந்திருக்கிறது. அவர் சொன்ன முதலாவதே உண்மையான வேண்டாம். அவர்களுக்கும் வர விருப்பமில்லை, இவளுக்கும் அவர்கள் வர விருப்பமில்லை, வரப்போகிறார்கள். இனி ஒருவராலும் இதை நிற்பாட்ட முடியாது. மச்சாள் வாறம் என்றதற்கு இவள் வேண்டாம் என்று சொன்னால் சாவகச்சேரிக் கதை ஒன்றுமில்லாமல் போய்விடும். யன்னலுக்கு வெளியே மழைச் சப்பாத்துகள் இரண்டு நடந்து போயின, தூரத்தில் பள்ளிக்கூட மண்டபத்தில் ஏதோ கோஷ்டி குழலை அபசுரமாக ஊதிப் பழகியது. பச்சைப் பொத்தான் அப்படியே நின்றது. மத்தியானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. அவள் பக்கத்தை மூடினாள், மூடட்டுமா என்று அது ஒருதரம் கேட்டது, ஓம் என்று அமத்தினாள். அந்தப் பொத்தானுக்கு மட்டும் விரல் தயங்கவில்லை.

இயந்திரம் நின்றது. கதவைத் திறந்து பெட்சீற்றுகளை இழுத்தாள், நீலக்கரை போட்ட வெள்ளை, ஒன்று, இன்னொன்று, தலையணை உறைகள் நாலு. விருந்தாளிக் கட்டிலுக்கு மட்டும் விரிக்கிற பெட்சீற்றுகள் இவை. தீபாவளிக்குப் பிறகு ஒருவரும் வரவில்லை, அழுக்கும் இல்லை, மக்கல் மணம் என்று காலையில் தானே ஒரு காரணம் சொன்னாள். செய்தி வர முன்னமே, சிவப்புச் சட்டையைக் கழற்றி வைத்த அதே நிமிசம், கைகள் குனிந்து இவற்றை எடுத்திருக்கின்றன. அவளுக்குத் தெரியாதது அவளுடைய கைகளுக்குத் தெரிந்திருக்கிறது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சறுக்கியது, சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். மெதுவாக நடக்க வேண்டும் என்றார் டொக்டர், உயரத்தில். இது நிலத்துக்குக் கீழே.

கோழித்தலையை எடுக்க வந்த பிராவ் ஸ்டைனர், தனியாகப் பெட்சீற்றோடு மல்லுக்கட்டுகிறவளைப் பார்த்துவிட்டு முகமூடியைத் திரும்ப வைத்தாள். மற்றப் பக்க முனைகளைப் பிடித்தாள். இரண்டு பேரும் இழுத்து உதறினார்கள், கடதாசிப் பொட்டு ஒன்று பறந்து விழுந்தது. "விருந்தாளிகளா?" என்று கிழவி கேட்டாள். "ஓம், நாலு பேர்." "அப்படியென்றால் மலை நிச்சயம்!" "நிச்சயம்." "இடது பக்கம் நில்லுங்கள், பிராவ் குலா. முதலில் நீங்கள் வெயிலைப் பாருங்கள், மற்றவர்கள் பிறகு பார்க்கட்டும்." தவமலர் சிரிக்கப் பார்த்தாள். "கார் அஞ்சு பேருக்குத்தான்" என்றாள், தமிழில். பிராவ் ஸ்டைனருக்கு விளங்கவில்லை, நல்லதற்குத்தான் ஏதோ சொல்லுகிறாள் என்று தலையாட்டிக்கொண்டே நடந்து வந்து, பெட்சீற்றின் மற்ற முனையையும் அவளுடைய கையில் தந்தாள்.